ஜன்னல் மட்டத்துக்கு ஒரு பைப்பு

பாத்ரூம் கதவைச் சாத்த வேண்டாம் ஐயரம்மா, திறந்தே கிடக்கட்டும். காலையிலதான் கழுவிவிட்டேன், ஈரம் காயணும். இதுக்கு என்ன கூச்சம்? தெருத் தெருவா சபையார் வீடு சந்திக்கப் போறவங்க யார் வீட்டுலயாவது போய்த்தான ஆகணும். முன்ன இருந்த ஐயரம்மா பாவம், அடக்கி அடக்கிக் குருமனைக்கே ஓடுவாக. அப்ப நம்ம வீட்டுல இந்த வசதி இல்ல. என் கக்கூசு அந்தா, புறவாசல் கடைசியில, முருங்கைக்கு அங்கிட்டு இருந்துச்சு. இடிச்சுப் போட்ட கல்லுகூட அங்கதான் கிடக்கு.

உக்காருங்க. சுக்குக் காப்பி குடிங்க. எப்படி இருக்கு உள்ள? வெள்ளை டைல்சு. வழுக்காத சாதி. பிடிச்சு எந்திரிக்கக் கம்பி வச்சிருக்கேன், பாத்தீங்கள்லா? ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அது துணிமணி போடுததுக்கு.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வீடு குடுக்க முடியுமான்னு கேட்டீங்க. தாரேன். சந்தோஷமாத் தாரேன். ஆனா மாடியில வருஷக்கணக்கா நடந்த கூட்டம் ஏன் கீழ வருதுன்னு உங்களுக்குத் தெரியணும்லா. ஐயர் இந்தச் சபைக்கு மாத்தலாகி வந்து கொஞ்ச நாள்தான், நீங்க ஊருக்குப் புதுசு. ஆளுக்கு ஒரு விதமாச் சொல்லிருப்பாக. நான் நடந்ததைச் சொல்லுதேன். ஒருத்தரைப் பத்தி ஒருத்தர்ட்ட பேசுத ஆள் நான் கிடையாது, கோயில்ல யாருட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க.

இது எங்க மாமனார் கட்டின வீடு. கீழ மூத்தவுகளுக்கு, அதாவது எங்க வீட்டுக்காரருக்கு. அவுக கர்த்தருக்குள்ள போயிட்டாக. மாடி இளையவுகளுக்கு, என் கொழுந்தன் டேவிட் மதுரம். நம்ம சபையில மூப்பரா இருந்தாக. காணிக்கைப் பையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுதான் வருவாக. இப்பக் கோயிலுக்கு வரதில்ல. ஏன் வரதில்லைங்கிறதுக்குப் பின்னால வாரேன். அவுக பெஞ்சாதி சரோஜா எனக்கு ஓரகத்தி. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். அவ ஜெபம் பண்ணினா மைக்கு வேண்டாம். நான் ஆஸ்டல்ல சோறு பொங்கினவ, எனக்குப் புஸ்தகத் தமிழ் வராது. அவளுக்கு வாயைத் திறந்தா அதுதான் வரும்.

போன ஐப்பசியில நல்ல மழை. எனக்கு முட்டு வலி. புறவாசல் முழுக்கச் சேறு. பகல்ல, சோறு வடிச்சிட்டு இருக்கேன், அவசரமா வந்துச்சு. குடையை எடுத்தேன், போனேன், முருங்கைகிட்ட கால் வழுக்குச்சு. விழல. மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா நின்ன இடத்துலயே ஆயிப்போச்சு. சேலையோட. மழை கொட்டுது, எது மழை எது என்னதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்லா.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், கக்கூசை வீட்டுக்குள்ள கொண்டு வந்துறணும்னு. மாடிப்படிக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு சைக்கிள் நின்ன இடம் சும்மாதான் கிடந்துச்சு. கொத்தனார் வந்து பாத்தாரு. இடமெல்லாம் சரி, கழிவுப் பைப்பு பக்கத்துச் சந்து வழியா வளைஞ்சு பின்னால செப்டிக் டேங்குக்குப் போகணும்னாரு. சந்து பொது. ரெண்டு வீட்டுக்கும் பாத்தியம். அதனால சரோஜாட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.

ஏறிப் போனேன். இந்த முட்டு வலியோட படி ஏறினேன். 'என்னக்கா திடீர்னு, அத்தை காலத்துல இருந்து அங்கதான இருக்கு'ன்னா. மறைக்காமச் சொன்னேன். பொம்பளைக்குப் பொம்பளை, ஒரு வீட்டுல வாக்கப்பட்டவ, இவகிட்டச் சொல்லாம யாருட்டச் சொல்ல? முருங்கைகிட்ட நின்னதைச் சொன்னேன். 'யாருட்டயும் சொல்லிறாத தாயி'ன்னேன். என் கையைப் பிடிச்சா. கண்ணுல தண்ணி அவளுக்கு. 'ஆண்டவர்ட்ட மட்டும்தான்க்கா சொல்லுவேன்'னா.

சொன்னா. ஆண்டவர்ட்டதான் சொன்னா. வெள்ளிக்கிழமை, கூட்டத்துல, சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் கண்ணை மூடி உக்காந்திருக்கும்போது சொன்னா. எனக்கு ஒரு எழுத்து மறக்கல, கேளுங்க. 'அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் சகோதரி ஞானப்பூவை உம்முடைய பாதபடியில் வைக்கிறோம். வயது சென்ற காலத்திலே, ஒரு சிறு குழந்தையைப் போல, தன் சிறுநீரையும் அடக்கக் கூடாதவளாய், தன் சேலையிலே வெட்கப்பட்டு நின்ற உம்முடைய அடியாளைக் கண்ணோக்கிப் பாரும்.' எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்ங்காக.

நானும் அங்கதான உக்காந்திருக்கேன் ஐயரம்மா. சமுக்காளத்துல, சுவரோட சாஞ்சு. கண்ணைத் திறந்தேன். எனக்கு எதுத்தாப்புல ரஞ்சிதம், அந்த மாவு மில்லுக்காரி, அவளும் ஒரு கண்ணைத் திறந்திருந்தா. அந்த ஒரு கண்ணு என் முகத்தைப் பாக்கல. என் சேலையைப் பாத்துச்சு. அடியில சமுக்காளத்தைப் பாத்துச்சு.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனேன். நான் எப்பவும் ஃபேனுக்குக் கீழ மூணாவது பெஞ்சு. ரஞ்சிதம் எந்திரிச்சு வந்து தோளைத் தொட்டு, எம்புட்டு அன்பாச் சொல்லுதா தெரியுமா, 'அக்கா, இங்க ஓரமா வாசப்பக்கம் உக்காருங்க. எந்திரிச்சுப் போகத் தோதா இருக்கும்.' சபையே திரும்பிப் பாக்கு. ஒருத்தியும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நான் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். எல்லாரும் பரிதாபப்பட்டாக. பரிதாபப்படுதவங்களை என்ன செய்ய முடியும்? ஓரமாப் போய் உக்காந்தேன். இன்னைக்கும் அங்கதான் உக்காருதேன், பாத்திருப்பீங்க.

சந்து விஷயத்துக்கு மட்டும் அவட்ட இருந்து பதில் வரல. 'ஜெபத்துல வச்சிருக்கோம்க்கா'ங்கா. பைப்புப் போட என்னத்துக்கு ஜெபம்?

கடைசியில இறங்கி வந்து சரின்னு சொன்னது கொழுந்தன்தான். 'மதினி, சந்து நம்ம ரெண்டு பேருக்கும்தான, நீங்க தோண்டுங்க'ன்னாக. அவ மாடியில நின்னு முறைச்சா, அவுக நிமிந்தே பாக்கல. அவுக எப்பவும் அப்படித்தான். நான் கல்யாணம் ஆகி வரும்போது அவுகளுக்கு அரைக்கால் டவுசர். வீட்டு ஜெபத்துல எங்க மாமியார் பாட்டு நம்பர் சொல்லுவாக. எனக்கு எழுத்தும் தெரியாது நம்பரும் தெரியாது, புஸ்தகத்தைக் கையில வச்சிக்கிட்டு முழிப்பேன். இவுக பக்கத்துல வந்து உக்காந்து, மாமியார் பாக்காம என் புஸ்தகத்துல பக்கத்தை எடுத்து வச்சிட்டுப் போயிருவாக. மாமியார் சாகிற வரைக்கும் நான் படிச்சவன்னுதான் நினைச்சாக. சரி, அது இருக்கட்டும். அதுக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம்.

சந்து தோண்டும்போது பூரா கூட நின்னாக. டேப்பைப் பிடிச்சாக. நடுவுல என்னைப் பாத்து, 'அண்ணன் எங்க போயிருக்காக மதினி, அவுக இருந்தா நல்லாருக்குமே'ன்னாக. செத்துப்போன அண்ணனை ஏதோ ஏக்கத்துல தேடுதாகன்னு நினைச்சேன். சாயங்காலம் திரும்பவும், 'அண்ணன் இன்னும் வரலையே'ன்னாக. அப்பவும் எனக்கு ஒண்ணும் உறைக்கல.

பைப்புப் போட வந்தவன் இசக்கிமுத்து. நல்ல வேலைக்காரன், ஆனா கேள்வி கேப்பான். தரையில படுக்கப் போடுத பைப்பெல்லாம் போட்டாச்சு. இனி நட்டமா நிக்கிற பைப்பு, நாத்தம் மேல போறதுக்கு விடுவாங்கள்லா, அது. 'ஆச்சி, இதை மொட்டைமாடிக்கு மேல ஏத்தி விட்டுருதேன்'னான்.

நான் சந்துல போய் நின்னு அண்ணாந்து பாத்தேன். மாடியில அந்தப் பெரிய ஜன்னல். ஜெபக்கூட்டம் நடக்குத ரூமு ஜன்னல். அது பக்கத்துலதான் சரோஜா நாற்காலி போட்டு உக்காந்து ஜெபம் பண்ணுவா.

'மொட்டைமாடி வேண்டாம்ல. ஜன்னல் மட்டத்துல நிறுத்து'ன்னேன்.

'ஆச்சி, நாத்தம் பூரா உள்ள போயிரும்.'

'போகட்டும்.'

'மேல உள்ளவங்க மூக்கு என்னத்துக்கு ஆகும்?'

'ஜெபிக்கிற மூக்குதான, எல்லாம் தாங்கும். பைப்பு தீந்து போச்சுன்னு வச்சிக்கிட்டு ஒட்டு.'

அவன் என்னையே பாத்தான். பிறகு சிரிச்சான். ஒட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம் இருக்கே, ஐப்பசிக்குப் பிறகு அதுதான் தூக்கம்.

தப்புங்கிறீங்களா? சட்டத்துல எங்கயும் பைப்பு இம்புட்டு உயரம்தான் நிக்கணும்னு சொல்லிருக்கா? எனக்குத் தெரியாது. நான் படிக்காதவ.

முத வெள்ளிக்கிழமை ஒண்ணும் தெரியல. அடுத்த வெள்ளிக்கிழமை காத்து நமக்கு அனுகூலமா அடிச்சுச்சு. ஸ்தோத்திரம்ங்குத சத்தம் பாதி மூக்குல வந்துச்சு. சரோஜா ஊதுபத்தி கொளுத்தினா. கிறிஸ்தவ வீட்டுல, ஜெபக்கூட்டத்துல, ஊதுபத்தி. அதுக்கே ரெண்டு பேர் முகத்தைச் சுளிச்சாகளாம். ஜன்னலைச் சாத்தினா. சித்திரை வெயில்ல ஜன்னலைச் சாத்திட்டுப் பத்திருபது பொம்பளை எத்தனை நேரம் இருக்க முடியும்? ரஞ்சிதம் மயக்கம் போட்டு விழுந்தா. ரஞ்சிதம். எனக்குச் சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். ஆனா வருத்தமும் இல்ல.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அந்தச் சந்து குறுகலுல்லா. என் பாத்ரூம் வென்டிலேட்டரும் சந்துலதான், அவ ஜன்னலும் சந்துலதான். மேல ஊசி விழுந்தா இங்க கேக்கும். நான் ஒட்டுக் கேக்க உக்காரல ஐயரம்மா. வெள்ளிக்கிழமையானா எனக்கு வயிறு சரியா இருக்காது. அந்த நாற்காலி வயித்து வலிக்கு.

என்னைப் பத்தி என்ன ஜெபிக்காகன்னு கேக்கணும்னுதான் இருந்துச்சு. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு, என் பேரே வரல. ரஞ்சிதம் மகன் பரீட்சைக்கு ஜெபிக்காக. கோயில் கோபுரத்துக்கு ஜெபிக்காக. யாரோ வீட்டு மாட்டுக்குக்கூட ஜெபிச்சாக. ஒரு தடவை என் பேரை ஊருக்கே சொல்லிட்டு அதோட மறந்தே போனாளுக. எனக்கு அதுதான் ரொம்ப எரிஞ்சுச்சு. நான் ஓரத்துப் பெஞ்சுல உக்காந்திருக்கேன், அவளுக்கு நினைப்புகூட இல்ல.

அப்புறம் மத்த நாளும் வயிறு சரியில்லாம ஆச்சு. விடியக்காலம், மத்தியானம். அப்பத்தான் அந்தக் குரல் கேட்டுச்சு. சரோஜா குரல்தான், ஆனா ஜெபக் குரல் இல்ல. 'எந்திரிங்க. பாத்ரூம் போயிட்டு வருவோம். இல்ல, இது சமையக்கட்டு. இங்க வேண்டாம், இங்க வேண்டாம்ங்க.' தண்ணி ஊத்துத சத்தம். துணி அலசுத சத்தம். பிறகு கொழுந்தன் கேக்காக, 'நீங்க யாரு? எங்க மதினி எங்க?' கட்டின பெஞ்சாதியைப் பாத்து. அவ சொல்லுதா, 'நான்தான்ங்க சரோஜா.' 'எந்தச் சரோஜா?'

தினமும் இதுதான். விடியுறதுக்கு முன்ன படுக்கை விரிப்பு, வேட்டி எல்லாம் துவைச்சு வீட்டுக்குள்ளயே காயப்போட்டுருதா, மொட்டைமாடிக்கு எடுத்துட்டுப் போறதில்ல. கேக்கவங்களுக்கு 'அவுகளுக்குக் காலு வலி, அதான் கோயிலுக்கு வரல'ங்கா. என் கதையை ஆண்டவர் பாதபடியில வச்சவ, மாவு மில்லுக்காரி மகன் பரீட்சையை வச்சவ, தன் புருஷன் கதையை மட்டும் வைக்கல. ஒரு வெள்ளிக்கிழமைகூட வைக்கல. எப்படி இருக்கு பாருங்க.

இப்ப மாடியில கூட்டம் நடத்த முடியல. நாத்தத்துக்கு யாரும் வரதில்ல. ஐயர் சொல்லி நீங்க என் வீட்டைக் கேக்க வந்திருக்கீங்க. நான் எதிர்பாத்துட்டுத்தான் இருந்தேன். வீட்டுக்காரி முத ஜெபம் பண்ணணும், அதுதான முறை? சரோஜா செயலாளர், அவ வந்துதான் ஆகணும். இந்தா, நீங்க உக்காந்திருக்க இடத்துலதான் உக்காருவா. கண்ணை மூடுவா. ரஞ்சிதம் ஒரு கண்ணைத் திறந்து வச்சிருப்பா. திறந்து வைக்கட்டும். அவ கண்ணு இந்தத் தடவை யார் மேல போகுதுன்னு நானும் ஒரு கண்ணைத் திறந்து பாப்பேன்.

பேசிப் பாத்துட்டேன், தனியா. அவ மாதிரியே, புஸ்தகத் தமிழ்ல. ஒரு வாரமா மனப்பாடம். நீங்க கேட்டுத் தப்பு இருந்தாச் சொல்லுங்க. ஜெபம்தான, இதுல என்ன குத்தம்? உங்கட்ட மட்டும்தான் சொல்லிருக்கேன். கண்ணை மூடுங்க. சும்மா மூடுங்க.

'அன்பின் பரலோகப் பிதாவே. மாடி வீட்டிலே இருக்கிற உம்முடைய அடியான் டேவிட் மதுரத்தை உம்முடைய பாதபடியில் வைக்கிறோம். ஒரு சிறு குழந்தையைப் போல, படுக்கையை நனைத்து, வேட்டியை நனைத்து, சமையக்கட்டு என்றும் பாத்ரூம் என்றும் அறியாதவராய், தன் மனைவியையும் யாரென்று அறியாதவராய் இருக்கிற உம்முடைய அடியானைக் கண்ணோக்கிப் பாரும். இதைச் சபைக்கு மறைத்து வைத்திருக்கிற எங்கள் சகோதரி சரோஜாவுக்கு உண்மை பேசுகிற நாவைத் தாரும். இயேசுவின் நாமத்திலே கேட்கிறோம் பிதாவே, ஆமென்.'

எப்படி? சத்தம் காணுமா?

நல்லாத்தான் ஆமென் சொன்னீங்க. ஆனா என்ன, ஆம்பளை மாதிரிக் கனத்த குரலா…

நீங்க சொல்லலையா?

இருங்க. அசையாதீங்க. சந்துல இருந்து வருது. மேல ஜன்னல் திறந்திருக்கு. நான்தான் இந்தப் பாத்ரூம் கதவைத் திறந்து போட்டுட்டு…

கேக்குதா? என்னையத்தான் கூப்பிடுதாக. 'மதினி'ங்காக. 'நல்ல ஜெபம் மதினி'ங்காக. அவுகளுக்கு என் குரல் தெரியுது ஐயரம்மா. பெஞ்சாதியைத் தெரியல, என் குரல் தெரியுது.

இன்னும் என்னமோ சொல்லுதாக, இருங்க. 'பாட்டுப் புஸ்தகத்தைக் குடுங்க மதினி. அம்மா பாக்கதுக்கு முன்ன நான் எடுத்து வச்சிருதேன்.'

சரோஜா அங்கதான் நிக்கா. வளையல் சத்தம் கேக்கு. முதல்ல இருந்தே நின்னிருப்பாளோ.

நிக்கட்டும். கேக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜெபம் உண்டு, அதுல மாத்தம் கிடையாது. சரோஜாவை நான் விடுததா இல்ல. வேணும்னா அவுக பேரை மட்டும் எடுத்துருதேன். அவ பேரை மட்டும் வச்சு ஜெபிக்கேன். 'அன்பின் பரலோகப் பிதாவே, மாடி வீட்டிலே இருக்கிற உம்முடைய அடியாள் சரோஜாவை உம்முடைய பாதபடியில் வைக்கிறோம். அவள்…' அவள் என்ன? அவ என்ன செய்யுதா, துணி துவைக்கா. யார் துணின்னு சொல்லாம எப்படி ஜெபிக்க? அவுகளை விட்டுட்டு அவளை மட்டும் எப்படி…

நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை எடுத்துக் குடுங்களேன்.

மெதுவா. மெதுவாச் சொல்லுங்க. முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க ஐயரம்மா. ஈரம் காயாட்டாப் போகுது.